கூட்டல் குறி தந்த குன்பெய் யோக்கோய்

சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையில் யந்திரம் பழுது பார்த்தவர், உலகத்தின் கட்டை விரலுக்கு வேலை கொடுத்த கதை

செல்போனில் பழைய வீடியோ விளையாட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். மேலே விளையாட்டுப் படம் தெரியும். கீழே இடது பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தெரியும். வலது பக்கத்தில் இரண்டு வட்டங்கள் இருக்கும்.

கூட்டல் குறியின் மேல் கட்டை விரலை வைத்தால் படத்தில் உள்ள சின்ன மனிதன் நடப்பான். இடது கிளையைத் தொட்டால் இடது பக்கம் போவான். மேல் கிளையைத் தொட்டால் ஏணியில் ஏறுவான். வலது பக்கத்து வட்டத்தைத் தட்டினால் குதிப்பான்.

அந்தக் கூட்டல் குறி வெறும் படம்தான். கண்ணாடிக்கு அடியில் விசையும் இல்லை, ரப்பரும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அது உண்மையான பொருளாக இருந்தது. விரலுக்குத் தட்டுப்பட்டது. அழுத்தினால் அமுங்கியது. விட்டால் எழுந்தது.

அதை உலகத்துக்குக் கொடுத்தவர் ஒரு ஜப்பானியர். அவர் பெயர் குன்பெய் யோக்கோய். சீட்டுக்கட்டு செய்யும் கம்பெனியில் யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பிற்காலத்தில் கோடிக்கணக்கான கைகளில் விளையாட்டுப் பெட்டியைக் கொண்டு சேர்த்தார். 56-வது வயதில் சாலை விபத்தில் உயிர் இழந்தார்.

கியோட்டோ வாலிபர்

ஜப்பானின் பழைய தலைநகரம் கியோட்டோ. அங்கே 1941-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந்தேதி யோக்கோய் பிறந்தார். அதே ஊரில் உள்ள டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்சாரத் துறையில் படித்துப் பட்டம் பெற்றார்.

படிப்பில் அவர் முதல் வரிசையில் நின்றவர் அல்ல. கூடப் படித்தவர்கள் பெரிய பெரிய கம்பெனிகளுக்குப் போனார்கள். யோக்கோய்க்கு அந்த யோகம் அடிக்கவில்லை. சொந்த ஊரிலேயே ஒரு வேலை கிடைத்தது. 1965-ம் ஆண்டு அதில் சேர்ந்தார்.

அந்தக் கம்பெனியின் பெயர் நின்டெண்டோ. இன்று உலகம் முழுவதும் தெரிந்த பெயர். அன்று அது சீட்டுக்கட்டுக் கம்பெனி. 1889-ம் ஆண்டு தொடங்கியது. ஹனபுடா என்ற மலர்ச் சீட்டுகளைச் செய்து விற்றது. ஒரு கட்டில் 48 சீட்டுகள். 12 மாதங்களுக்கு மாதம் 4 சீட்டு வீதம், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மலரோ மரமோ படமாக இருக்கும்.

சீட்டு தயாரிக்கும் யந்திரங்கள் நிற்காமல் ஓடவேண்டும். அதைக் கவனிப்பதுதான் யோக்கோயின் வேலை. யந்திரம் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை இல்லை. பொழுது போகவில்லை.

நீளும் கை

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சுபாவம் யோக்கோய்க்குக் கிடையாது. தொழிற்சாலையில் இருந்த கருவிகளைக் கொண்டு தனக்கு ஒரு விளையாட்டுச் சாமான் செய்துகொண்டார். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சட்டங்கள். ஒரு முனையில் பிடி. மறுமுனையில் இரண்டு விரல்கள். பிடியை அழுத்தினால் சட்டங்கள் விர்ரென்று நீளும். தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்விக்கொண்டு வரும்.

ஒரு நாள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார், கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி. வேலை நேரத்தில் ஒரு வாலிபர் விளையாடிக்கொண்டு இருப்பதைக் கண்டார். தம் அறைக்கு வரும்படி உத்தரவிட்டார்.

வேலை போயிற்று என்று நினைத்தார் யோக்கோய். நடந்தது வேறு! அந்த நீளும் கையை விற்பனைச் சரக்காகச் செய்து கொடுக்கும்படி தலைவர் சொன்னார். 1966-ம் ஆண்டு அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 12 லட்சம் விற்றது.

யந்திரம் பழுது பார்த்தவர் விளையாட்டுச் சாமான் கண்டுபிடிப்பாளர் ஆனார்.

அடுத்தடுத்துப் பல சாமான்கள் செய்தார். 1969-ம் ஆண்டு வந்தது காதல் மானி. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கை கோத்துக்கொள்ளவேண்டும். மற்ற கைகளால் ஆளுக்கு ஒரு உலோகக் குமிழைப் பிடித்துக்கொள்ளவேண்டும். முள் நகரும். இருவருக்கும் எவ்வளவு காதல் என்று காட்டும்!

உண்மையில் அது உடம்பின் வழியாக ஓடும் சின்ன மின்சாரத்தை அளக்கும் சாதாரணக் கருவி. கை வியர்த்தால் முள் அதிகம் நகரும். பள்ளிக்கூட ஆராய்ச்சி அறையில் தூசி படிந்து கிடக்கும் சாமான் அது. அதை எடுத்து, இரண்டு பேர் கை கோக்க ஒரு சாக்காக மாற்றினார் யோக்கோய்.

பழைய சரக்கு

இங்கேதான் அவருடைய தனி வழி தெரிகிறது. புதிதாக வந்த, விலை கூடிய கருவியின் பின்னால் அவர் ஓடமாட்டார். எல்லோருக்கும் தெரிந்த, மலிவாகிப்போன, இனி புதுமை ஒன்றும் இல்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிய கருவியை எடுப்பார். அதை யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்துவார். உலர்ந்துபோன தொழில் நுட்பத்தைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பது என்று அந்த வழிக்குப் பெயர் வைத்திருந்தார்.

1970-ம் ஆண்டில் வந்த ஒளித் துப்பாக்கியும் அப்படித்தான். சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் சின்னத் தகட்டைக் குறியாக வைத்தார். துப்பாக்கியில் இருந்து குண்டு வராது, வெளிச்சம் வரும். வெளிச்சம் தகட்டில் பட்டால் குறி விழும். ஷார்ப் கம்பெனியில் இருந்து வந்த மசாயுக்கி உவேமுரா என்ற என்ஜினீயர் இதில் துணை நின்றார். இந்த உவேமுராவைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

ரெயிலில் ஒருவர்

1970-களின் இறுதியில் ஒரு நாள் யோக்கோய் அதிவேக ரெயிலில் பயணம் செய்துகொண்டு இருந்தார். அதே பெட்டியில் உத்தியோகஸ்தர் ஒருவர் இருந்தார். அவர் கையில் ஒரு சிறிய கணக்குப் பொறி. பொழுது போகாமல் அதன் பொத்தான்களை வெறுமனே தட்டிக்கொண்டு இருந்தார்.

யோக்கோய்க்குப் பொறி தட்டியது. பெரியவர்களுக்கும் பொழுது போகவேண்டும். ஆனால் நாலு பேர் எதிரில் விளையாட அவர்களுக்கு வெட்கம். மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கட்டை விரலால், பக்கத்தில் உள்ளவர் அறியாமல் ஆடக்கூடிய பொருள் ஒன்று இருந்தால் என்ன?

சில நாட்களுக்குப் பிறகு ஒரு சந்தர்ப்பம் வந்தது. கம்பெனித் தலைவரின் கார் டிரைவருக்கு உடல்நலம் இல்லை. தலைவரின் கார் அமெரிக்க நாட்டுக் கார். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அதை ஓட்டத் தெரிந்தவர் யோக்கோய். அன்று அவரே காரை ஓட்டினார். போகிற வழியில் தம் எண்ணத்தைத் தலைவரிடம் சொன்னார். தலைவர் பேசாமல் கேட்டுக்கொண்டார். அன்றைய கூட்டத்தில் ஷார்ப் கம்பெனித் தலைவர் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பு யமவுச்சிக்குக் கிடைத்தது. விஷயம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயம் கணக்குப் பொறிக் கம்பெனிகளுக்குள் கடும் விலைப் போட்டி. அதனால் அதில் உள்ள திரை மிகவும் மலிந்திருந்தது. கணக்குப் பொறியில் 8 என்ற எண், 7 துண்டுகளால் ஆனது. வேண்டிய துண்டு மட்டும் கறுக்கும், எண் தெரியும். துண்டுகளின் வடிவத்தை மாற்றினார் யோக்கோய். எண்ணுக்குப் பதில் கைகளும் பந்துகளும் வந்தன. பொம்மை மனிதன் பந்தை எறிந்து பிடித்தான்!

1980-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கேம் அண்டு வாட்ச் வெளியாயிற்று. பெயருக்கு ஏற்ப அதில் ஒரு கடிகாரமும் இருந்தது. விலை 5,800 யென். இந்த வரிசையில் வந்த எல்லா விளையாட்டுகளும் சேர்ந்து 4 கோடியே 34 லட்சம் விற்றன.

கூட்டல் குறி

முதலில் வந்த விளையாட்டுகளுக்கு இரண்டு பொத்தான்கள் போதும். இடது பக்கம் ஒன்று; வலது பக்கம் ஒன்று. 1982-ம் ஆண்டில் பெரிய சிக்கல் வந்தது. டாங்கி காங் என்ற விளையாட்டைச் சட்டைப்பை அளவுக்குச் சுருக்கவேண்டும்!

டாங்கி காங் 1981-ம் ஆண்டு வந்தது. ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞர் வகுத்தது. அவருக்கு மேற்பார்வை யோக்கோய். ஒரு பெரிய குரங்கு பீப்பாய்களை உருட்டி விடும். தச்சன் ஒருவன் ஏணியில் ஏறவேண்டும்; இறங்கவேண்டும்; பக்கவாட்டில் ஓடவேண்டும்; பீப்பாயைத் தாண்டிக் குதிக்கவேண்டும். அந்தத் தச்சன்தான் பிறகு மரியோ என்று புகழ் பெற்றான்.

விளையாட்டுக் கடையில் நிற்கும் ஆளுயரப் பெட்டியில் இதற்கு ஒரு குச்சி உண்டு. இடது கையால் குச்சியைப் பிடித்து எந்தப் பக்கமும் அசைக்கலாம். ஆனால் யோக்கோய் செய்ய நினைத்தது இரண்டு திரை உள்ள மடக்குப் பெட்டி. குச்சி நீட்டிக்கொண்டு இருந்தால் மூடி எப்படி மூடும்?

நாலு திசைக்கு நாலு தனிப் பொத்தான் வைக்கலாம். அதிலும் ஒரு தொல்லை. கட்டை விரல் ஒரு பொத்தானில் இருந்து இன்னொன்றுக்குத் தாவவேண்டும். சரியான இடத்தில் விழுந்ததா என்று கண் குனிந்து பார்க்கவேண்டும். கண் கீழே போன அந்த நொடியில் பீப்பாய் வந்து மோதிவிடும்!

யோக்கோய் நாலு பொத்தான்களையும் ஒன்றாக இணைத்தார். ஒரே துண்டு, கூட்டல் குறி வடிவம். நடுவில் அடிப்பக்கம் ஒரு சிறு குமிழ் தாங்கி நிற்கும். நாலு கிளைகளுக்கும் அடியில் ரப்பர் மெத்தை. ஒரு கிளையை அழுத்தினால் எதிர்க்கிளை தானாக மேலே எழும். ஆகவே இடமும் வலமும் ஒரே சமயத்தில் அமுங்காது. கட்டை விரலை நடுவில் வைத்து லேசாகச் சாய்த்தால் போதும். எந்தக் கிளை எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும். கண்ணுக்கு வேலை இல்லை.

திசை காட்டும் தட்டுகளை இதற்கு முன்பும் சில கம்பெனிகள் செய்தது உண்டு. அமெரிக்காவில் மேட்டல் கம்பெனியின் விளையாட்டு யந்திரத்தில் வட்டமான தட்டு இருந்தது. ஆனால் வட்டத்தில் விரலுக்கு அடையாளம் கிடையாது. கூட்டல் குறியில் உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசம்தான் வெற்றி பெற்றது.

ஜப்பானிய எழுத்தில் பத்து என்ற எண் கூட்டல் குறி போலவே இருக்கும். அதனால் ஜப்பானியர்கள் இதற்குப் பத்து என்ற எழுத்தின் வடிவத்தில் உள்ள விசை என்றே பெயர் வைத்தார்கள்.

வீடு வீடாக

அடுத்த ஆண்டு, அதாவது 1983-ம் ஆண்டு ஜூலை மாதம், நின்டெண்டோவின் பாமிகாம் யந்திரம் வந்தது. டெலிவிஷனுடன் இணைத்து வீட்டில் ஆடும் யந்திரம். இதை உருவாக்கிய குழுவின் தலைவர், முன்பு சொன்ன உவேமுரா. கையில் பிடிக்கும் பிடிக்குக் குச்சி வைக்கவில்லை. யோக்கோயின் கூட்டல் குறியையே வைத்தார்கள். இடது பக்கம் கூட்டல் குறி. வலது பக்கம் இரண்டு பொத்தான்கள். இன்று உங்கள் செல்போன் திரையில் தெரிவது இந்த அமைப்பின் படம்தான்!

அந்த யந்திரம் பல நாடுகளில் 6 கோடியே 19 லட்சம் விற்றது. கூட்டல் குறிக்கு 1987-ம் ஆண்டு அமெரிக்காவில் நின்டெண்டோ பெயரில் காப்புரிமை கிடைத்தது. அதனால் மற்ற கம்பெனிகள் அப்படியே காப்பி அடிக்க முடியவில்லை. சிலர் வட்டத் தட்டின் மேல் வரம்பு வைத்தார்கள். சிலர் வெளியே நாலு துண்டாகத் தெரியும்படி செய்தார்கள். வடிவம் மாறியது, கருத்து மாறவில்லை.

பச்சைத் திரை

1989-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ந்தேதி கேம் பாய் வெளிவந்தது. யோக்கோயும், சட்டோரு ஒக்காடா முதலான அவருடைய குழுவினரும் செய்தது. கையடக்கப் பெட்டி. விளையாட்டுகளை மாற்றி மாற்றிச் செருகலாம். மேலே திரை, கீழே இடது பக்கம் கூட்டல் குறி, வலது பக்கம் இரண்டு பொத்தான்கள்.

திரையில் கலர் இல்லை. மங்கலான பச்சையில் 4 சாயல்கள் மட்டுமே. திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. அதே காலத்தில் அடாரி கம்பெனியும் சேகா கம்பெனியும் விளக்குள்ள கலர்த் திரையோடு போட்டிக்கு வந்தன. பார்க்க அழகாக இருந்தன. கேம் பாய் தோற்றுவிடும் என்று பலர் நினைத்தார்கள்.

ஆனால் கலர்த் திரைக்காரர்களுக்கு 6 பென்சில் பாட்டரிகள் வேண்டும். அவையும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு 4 பாட்டரிகள் போதும். 15 மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. பழைய மலிந்த திரையைத் தெரிந்தேதான் எடுத்திருந்தார் யோக்கோய். பையில் போட்டுக்கொண்டு போகும் பொருளுக்கு அழகைவிட உழைப்பு முக்கியம் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் கண்டுபிடித்த டெட்ரிஸ் விளையாட்டு கேம் பாயோடு சேர்ந்து உலகம் சுற்றியது. கேம் பாயும், பிறகு வந்த கலர் கேம் பாயும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் விற்றன.

சிவப்பு உலகம்

வெற்றியே கண்டவர் யாரும் இல்லை. யோக்கோய்க்கும் ஒரு பெரிய தோல்வி வந்தது.

1995-ம் ஆண்டு ஜூலை மாதம் வர்ச்சுவல் பாய் வெளியாயிற்று. மேஜைமேல் நிற்கும் பெட்டி. அதற்குள் கண்களைப் பதித்துக்கொண்டு பார்க்கவேண்டும். ஆழமும் தூரமும் உள்ள உலகம் தெரியும். ஆனால் அந்த உலகம் முழுவதும் சிவப்பு! மலிவாகக் கிடைத்த சிவப்பு ஒளிப் புள்ளிகளால் ஆனது அது.

உயரம், அகலம், ஆழம் என்று மூன்று வழியிலும் நடமாட ஒரு கூட்டல் குறி போதாது. ஆகவே கைப்பிடியில் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று இரண்டு கூட்டல் குறிகள் வைத்தார்.

ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று குறை சொன்னார்கள். சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம்தான் விற்றது. 22 விளையாட்டுகளோடு கதை முடிந்தது. ஓர் ஆண்டுக்குள் விற்பனை நின்றது.

கேம் பாயை வெற்றி பெறச் செய்த அதே கொள்கைதான் இங்கேயும் இருந்தது. மலிந்த பொருள்; புதிய பயன். ஆனால் ஒன்று தவறியது. கேம் பாய், ஆடுகிறவனின் கைக்கும் பைக்கும் பொருந்தியது. வர்ச்சுவல் பாய், ஆடுகிறவனை அதற்குப் பொருந்தி உட்காரச் சொன்னது. யந்திரம் மனிதனுக்கு வளையவேண்டும்; மனிதன் யந்திரத்துக்கு வளைந்தால் கழுத்து வலிக்கும்.

விலகினார்

1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் யோக்கோய் நின்டெண்டோவில் இருந்து விலகினார். 31 ஆண்டு உத்தியோகம் முடிந்தது. சிவப்புப் பெட்டியின் தோல்விதான் காரணம் என்று ஊர் பேசியது. அது காரணம் அல்ல என்று அவர் மறுத்தார். போவதற்கு முன் கேம் பாயை இன்னும் சிறியதாக, சட்டைப்பைக்கு ஏற்ற அளவில் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

கியோட்டோவில் கோட்டோ என்ற பெயரில் சொந்த ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். பண்டாய் கம்பெனிக்காக ஒரு புதிய கையடக்கப் பெட்டியை வகுத்தார். அதன் பெயர் வொண்டர்ஸ்வான். ஒரே ஒரு பென்சில் பாட்டரியில் ஓடும். அதில் இன்னொரு விசேஷம், இடது பக்கத்தில் நாலு நாலு பொத்தான்களாக இரண்டு கூட்டம் இருக்கும். பெட்டியைப் படுக்கையாகப் பிடித்தும் ஆடலாம். நிறுத்திப் பிடித்தும் ஆடலாம். விளையாட்டுக்கு ஏற்றபடி பிடியை மாற்றிக்கொள்ளலாம்!

அதைக் கடையில் பார்க்கும் பாக்கியம் அவருக்கு இல்லை.

1997-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ந்தேதி. இஷிகாவா மாநிலத்தில், ஹொக்குரிக்கு நெடுஞ்சாலை. யோக்கோய் சென்ற கார் சிறு விபத்தில் சிக்கியது. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். அப்போது வந்த இன்னொரு கார் அவர்மேல் மோதியது. உயிர் பிரிந்தது.

1999-ம் ஆண்டு மார்ச்சு மாதம் வொண்டர்ஸ்வான் வெளிவந்தது. அதோடு வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாகக் குன்பெய் என்று பெயர் வைத்தார்கள். 2003-ம் ஆண்டு, விளையாட்டு வகுப்போரின் சர்வதேசச் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

கண்ணாடியில் வழுக்கியது

யோக்கோய் மறைந்து 10 ஆண்டுகள் கழித்து, 2007-ம் ஆண்டு, ஐபோன் வந்தது. தொடர்ந்து ஆண்ட்ராய்டு போன்கள் வந்தன. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி ஆயிற்று. பொத்தான்கள் மறைந்தன.

பழைய யந்திரத்தைப் போல வேஷம் போடும் புரோகிராம்கள் உண்டு. எமுலேட்டர் என்று பெயர். செல்போனைப் பாமிகாமாகவும் கேம் பாயாகவும் நடிக்க வைக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் இவை நெடுநாளாக உண்டு. 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆப்பிள் கம்பெனியும் தன் கடையில் இவற்றுக்கு இடம் கொடுத்தது. டெல்டா, ரெட்ரோஆர்ச் முதலியவை அங்கே வந்தன. முறையாக வாங்கி வைத்திருக்கும் விளையாட்டை இவற்றில் ஆடலாம்.

விளையாட்டு வந்தது. கூட்டல் குறியும் படமாக வந்தது. ஆனால் விரலுக்கு அடையாளம் வரவில்லை! கண்ணாடி வழவழ என்று இருக்கும். கட்டை விரல் மெல்ல மெல்ல நகர்ந்து கூட்டல் குறியை விட்டு வெளியே போகும். போனது தெரியாது. மரியோ நின்றுவிடுவான். பள்ளத்தில் விழுவான். விரல் எங்கே என்று கண் குனிந்து பார்க்கவேண்டும். 1982-ம் ஆண்டில் யோக்கோய் தீர்த்து வைத்த அதே தொல்லை திரும்பி வந்துவிட்டது.

இழந்தது ஒன்று என்றால் கிடைத்தது ஒன்று. பிளாஸ்டிக் பொத்தான் பிறந்த இடத்தை விட்டு நகராது. படம் நகரும். பெரிதாகும், சிறிதாகும். பல எமுலேட்டர்களில் பொத்தான்களை இஷ்டம்போல மாற்றி அமைக்க வசதி இருக்கிறது. விளையாடுகிறவனே ஒரு சின்ன யோக்கோய் ஆகலாம்!

எப்படி அமைப்பது?

முதல் விஷயம், இடம். செல்போனை ஆடும் நிலையில் கையில் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இடது கட்டை விரல் சிரமம் இல்லாமல் எங்கே போய்ப் படிகிறதோ, அங்கே கூட்டல் குறியின் நடு இருக்கவேண்டும். வலது விரல் படியும் இடத்தில் குதிக்கும் பொத்தான் இருக்கவேண்டும். அமைப்பு செய்தவர் வைத்த இடம் அவர் கைக்குச் சரி; உங்கள் கைக்குச் சரி என்பது நிச்சயம் இல்லை.

இரண்டாவது, அளவு. விரல் வழுக்கும் என்பதால் பொத்தான் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் படத்தைவிட விரலை உணரும் எல்லை பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, மூலைகள். வட்டத்தை 8 திசைக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 45 டிகிரி வரும். டெட்ரிஸில் மூலைத் திசைக்கு வேலையே இல்லை. பக்கவாட்டில் நகர்த்தும்போது விரல் சற்றே கீழே சாய்ந்தால் கட்டை வேகமாக இறங்கிவிடும்; ஆட்டம் கெடும். அத்தகைய விளையாட்டுக்கு மூலைப் பங்கைக் குறைக்கவேண்டும். எல்லாப் பக்கமும் பறந்து சுடும் விளையாட்டுக்கு மூலைப் பங்கு தாராளமாக வேண்டும். ரெட்ரோஆர்ச்சில் இதற்கென்றே ஓர் அளவுகோல் இருக்கிறது.

நாலாவது, மறைப்பு. விரலும் பொத்தானும் படத்தை மறைக்கக்கூடாது. பொத்தான்களைக் கண்ணாடி போல மங்கலாக்கலாம். விளையாட்டுக்கு வேண்டாத பொத்தானை எடுத்துவிடலாம். ஆட்டத்தை நிறுத்தும் பொத்தான், சேமித்து வைக்கும் பொத்தான் ஆகியவற்றைக் கட்டை விரலுக்கு எட்டாத மேல் மூலைக்கு அனுப்பிவிடவேண்டும்.

ஐந்தாவது, அதிர்வு. தொட்டவுடன் போன் லேசாக அதிரும்படி வைக்கலாம். விரல் பொத்தானில் பட்டது என்று கைக்குத் தெரியும். ஆனால் படுவதற்கு முன்னால் அதிர்வு ஒன்றும் சொல்லாது. பிளாஸ்டிக் வரம்பு செய்த வேலையில் பாதியைத்தான் அதிர்வு செய்யும்.

மீதிப் பாதிக்கு யோக்கோய் பாணியில் ஒரு வழி இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுத்தாளில் சிறு துண்டு வெட்டி, கூட்டல் குறியின் நடுவில் கண்ணாடிமேல் ஒட்டுங்கள். திரை அதன் வழியாகவும் விரலை உணரும். விரலுக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிடும். செலவு சில காசுகள்!

கேம் பாய் விளையாட்டுக்கு இன்னும் எளிய வழி. போனைப் படுக்கையாகப் பிடிக்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள். கேம் பாய்ப் படம் ஏறக்குறையச் சதுரம். அது மேல் பாதியில் அடங்கிவிடும். கீழ்ப் பாதி முழுவதும் விரல்களுக்கு. மேலே திரை, கீழே கூட்டல் குறி. 1989-ம் ஆண்டு யோக்கோய் கையில் இருந்த அதே அமைப்பு!

யாருக்காக?

இது வெறும் பொழுதுபோக்குச் சமாசாரம் என்று சிலர் நினைக்கலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாது.

கூட்டல் குறி பெரும்பாலும் இடது பக்கமே இருந்தது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களும் அதற்குப் பழகிக்கொள்ளவேண்டியது ஆயிற்று. கண்ணாடித் திரையில் அதை வலது பக்கம் மாற்றிக்கொள்ளலாம். விபத்தில் ஒரு கையை இழந்தவர், கூட்டல் குறியையும் குதிக்கும் பொத்தானையும் ஒரு பக்கத்தில் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளலாம். விரல் நடுங்கும் முதியவர் பொத்தானை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கலாம். சிறு குழந்தையின் விரலுக்கு எட்டும்படி எல்லாவற்றையும் அருகில் இழுக்கலாம். பிளாஸ்டிக் அச்சில் வார்த்த பெட்டி இவர்களுக்குத் தராத இடத்தைக் கண்ணாடி தருகிறது.

யோக்கோய் உலகத்தின் எல்லாக் கைகளுக்கும் சேர்த்து ஒரு வடிவம் செய்தார். அவர் காலத்தில் அது ஒன்றுதான் முடிந்தது. ஒரே அச்சு, கோடிக்கணக்கான பெட்டிகள். ஆனால் அவர் கடைசியாக வகுத்த பெட்டியைப் பாருங்கள். இரண்டு விதமாகப் பிடிக்கலாம். பிடிக்கும் முறையை ஆடுகிறவனிடமே விட்டுவிட்டார். அந்த வழியில் இன்னும் பல அடி முன்னே போயிருப்பதுதான் இன்றைய கண்ணாடித் திரை.

செல்போனில் பொத்தானை நகர்த்தி, அளவைக் கூட்டி, மறுபடி நகர்த்தி, விரலை வைத்துப் பார்க்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ யோக்கோய் செய்த வேலையைத்தான் செய்கிறார். அவரிடம் உயர்ந்த கருவி இல்லை. பெரிய சர்வகலாசாலைப் புகழ் இல்லை. கை எதை விரும்புகிறது என்று கவனிக்கும் பொறுமை இருந்தது. சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையில் சும்மா இருந்த ஒரு வாலிபரின் கையில் இருந்து தொடங்கியது அந்தக் கவனிப்பு.

அடுத்த முறை விளையாடும்போது பொத்தான் வசப்படவில்லை என்றால் விளையாட்டின்மேல் கோபப்படவேண்டாம். அமைப்பைத் திறந்து கூட்டல் குறியை உங்கள் விரலுக்கு அருகே கொண்டுவாருங்கள். அந்த ஜப்பானியருக்கு அதுவே நல்ல அஞ்சலி.